திடீர்னு யாரும் வர்றதில்ல

போன ஆவணியில நடந்தது இது. சித்தி மக கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும், புதுசா ஒரு டெய்லர் கடை சொன்னாங்க, அதைத் தேடிக்கிட்டு மதுரை காமராஜர் சாலையில தெப்பக்குளம் பக்கமா ஸ்கூட்டியில போய்க்கிட்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், காதுல இயர்போன், அந்தப் பக்கம் தங்கச்சி 'மஞ்ச போர்டுக்கா, பேக்கரிக்கு அடுத்த கடை, மஞ்ச போர்டு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா, நானும் மஞ்ச போர்டு மஞ்ச போர்டுன்னு கடையெல்லாம் பாத்துக்கிட்டே மெதுவாத்தான் போறேன், இருபதுக்கு மேல இருக்காது. அப்புறம் எனக்குத் தெரிஞ்சது என் வண்டி ஒரு சைக்கிள் கேரியர்ல போய் இடிச்ச சத்தம்தான்.

நல்லவேளை அவருக்கு அடி இல்ல, சைக்கிள்தான் சாஞ்சுருச்சு. பின்னாடி ஈரச் சாக்குல கட்டி வச்சிருந்த கீரைக்கட்டு அம்புட்டும் ரோட்டுல கெடக்கு. அரைக்கீரை, தண்டங்கீரை, கொத்தமல்லி. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுட்டு ஓடிப்போய்ப் பொறுக்குறேன், கை நடுங்குது. அவருக்கு அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. திட்டவே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "ஏத்தா, நீ என்னையப் பாத்துக்கிட்டுத்தான வந்த? பாத்துட்டன்னுதான நான் திரும்புனேன்?"

எனக்கு வாயே வரல. ஏன்னா அவரு சொல்றது சரி, என் மூஞ்சி அவரு பக்கந்தான் இருந்திருக்கு, கண்ணும் தெறந்துதான் இருந்துச்சு. ஆனா அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் அந்த ரோட்டுல அப்படி ஒரு சைக்கிளே எனக்குக் கெடையாது.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, மதுரை ராஜபாளையம் ரூட்டுல மட்டும் 28 வருஷம். "எங்கருந்தோ திடீர்னு வந்துட்டாருப்பா"ன்னு ஆரம்பிச்சேன், முடிக்க விடல. "ரோட்டுல திடீர்னு எவனும் வரமாட்டான். மொளைக்கிறதுக்கு அவன் என்ன காளானா? அவன் பாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்திருப்பான். நீதான் திடீர்னு பாத்திருக்க."

அந்தக் கடைசி வார்த்தை மண்டையில நின்னுருச்சு. அன்னைக்கு ராத்திரியே போனை எடுத்து வச்சுக்கிட்டு கண்ணு எப்படிப் பாக்குது, கவனம் எப்படிப் பாக்குதுன்னு தேட ஆரம்பிச்சேன், அப்படியே மாசக்கணக்கா படிச்சேன். படிச்சதுல எனக்குள்ள எறங்குனதை மட்டும் இங்க எழுதுறேன்.

மொதல்ல கண்ணு. கையை நேரா நீட்டி கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்க. அந்த நகம் மறைக்கிற அளவு எடம் இருக்குல்ல, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நமக்கு நல்லாத் தெளிவாத் தெரியுறது. மத்ததெல்லாம் தள்ளிப் போகப் போக மங்கல்தான். விழித்திரையோட நடுவுல ஒரு சின்னக் குழி இருக்கு, அங்கதான் நுணுக்கமாப் பாக்குற செல்லெல்லாம் நெருக்கமா அடுக்கியிருக்கு, அந்தக் குழியைத் தாண்டுனா அது குறைஞ்சுருது. அப்புறம் ஏன் மொத்த ரூமும் பளிச்சுன்னு தெரியுற மாதிரி இருக்குன்னா, கண்ணு ஒரு செகண்டுக்கு மூணு தடவை கணக்குல அங்கிட்டும் இங்கிட்டும் தாவிக்கிட்டே இருக்கு, எதைப் பாக்கணும்னு நெனைக்கிறோமோ அங்க போய் நிக்குது, அதனால மங்கலான எடம்னு ஒண்ணு நம்மகிட்ட சிக்குறதே இல்ல. அலங்காநல்லூர் வாடிவாசல்ல வர்ற காளைக்கு கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு, 300 டிகிரிக்கு மேல தெரியும், வால் பக்கம் கொஞ்சந்தான் மறைவு. நமக்கு ரெண்டு கண்ணும் சேத்து 180 டிகிரி கிட்ட தெரியுது, ஆனா நல்லாத் தெரியுறது நகத்தளவு.

அக்கா மகனுக்கு ஒன்பது வயசு, அவன் ஸ்கெட்ச் பேனா டப்பாவை வச்சு வீட்டுல ஒரு வெளையாட்டு வெளையாடுனோம். நான் எதிர் சுவத்துல காலண்டர்ல இருக்குற ஒரு நம்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அவன் டப்பாவுலேருந்து எனக்குத் தெரியாம ஒரு பேனாவை எடுத்து என் காது பக்கத்துலேருந்து மெதுவா முன்னாடி கொண்டுவரணும். என்னமோ ஆடுதுன்னு சீக்கிரமே தெரிஞ்சுருது. ஆனா என்ன கலர்னு கேட்டா சொல்ல முடியல. செவப்புன்னு அடிச்சுச் சொன்னேன், பச்சை. அவனுக்கு ஒரே சந்தோஷம். இன்னும் முன்னாடி, இன்னும் முன்னாடின்னு கிட்டத்தட்ட கன்னத்துக்கு நேரா வந்தப்புறந்தான் கலர் புடிபட்டுச்சு. பேனாவை ஆட்டாம அப்படியே புடிச்சான்னா, சில நேரம் பேனா இருக்குறதே தெரியல. ஓரத்துக்கு அசைவுதான் தெரியும், ஆள் யாருன்னு அதுக்குத் தெரியாது.

பார்வையில ஓட்டையே இருக்குங்கிறது இன்னொண்ணு. எடது கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல பக்கத்துல நீட்டி, எடது கட்டைவிரலையே பாத்துக்கிட்டு, வலது விரலை மட்டும் மெதுவா வலது பக்கம் தள்ளிக்கிட்டே போங்க. ஒரு சாண் தூரம் போறதுக்குள்ள ஒரு எடத்துல விரல் நுனி காணாமப் போயிரும். நரம்பெல்லாம் சேந்து மூளைக்குப் போற வாசல் அது, அங்க பாக்குற செல்லே கெடையாது. 1660கள்ல எட்மே மரியாட்ங்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சது. அந்த எடத்துல கருப்பா ஒண்ணும் தெரியாது, சுவரு இருந்தா சுவரு மாதிரியே தெரியும், மூளை பூசி விட்டுருது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு முன்னாடி நின்னு இன்னொண்ணு பாத்தேன். சுமார் 170 அடி உசரம், ஆயிரத்துக்கும் மேல சுதைச் சிற்பம். நடுவுல ஒரு பொம்மையோட மொகத்தை மட்டும் பாத்துக்கிட்டு கண்ணை அசைக்காம நின்னா, ரெண்டு வரிசை தள்ளி இருக்குறதெல்லாம் கையும் காலும் கிரீடமுமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொழம்பிப்போகுது. யாருக்கு எத்தனை கைன்னு எண்ண முடியாது. ஆனா அதே தூரத்துல கோபுரத்தை விட்டு வெளிய, வானத்துல ஒத்தையா ஒரு புறா பறந்தா அது புறான்னு தெரியுது. அப்ப ஓரத்துல மங்கல் மட்டும் பிரச்சினை இல்ல, நெரிசலும் பிரச்சினை. 1970ல ஹெர்மன் பௌமான்னு நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் இதுக்கு ஒரு கணக்கே சொல்லியிருக்காரு, நாம பாக்குற புள்ளியிலேருந்து ஒரு எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கோ, அதுல சுமாரா பாதி தூரத்துக்குள்ள வேற எழுத்து வந்துருச்சுன்னா ரெண்டும் கலந்து படிக்க முடியாமப் போயிரும்னு. ஆவணி முகூர்த்த நேரத்துல காமராஜர் சாலை சாயங்காலம் எப்படி இருக்கும்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கோபுரம் மாதிரிதான் இருக்கும்.

இது வரைக்கும் கண்ணோட கதை. ஆனா கீரைக்காரர் என் ஓரத்துல மட்டும் இருக்கலையே, எனக்கு நேராவும்தான வந்திருக்காரு. அங்கதான் கவனம் வருது.

நம்ம பேச்சுலயே இது இருக்கு. 'ஓரக்கண்ணால பாத்தான்'னா சும்மா ஓரத்துல தெரிஞ்சதைச் சொல்றது இல்ல, மூஞ்சியை இங்கிட்டு வச்சுக்கிட்டு மனசை அங்கிட்டு அனுப்புனதைச் சொல்றது. அம்மனைக் 'கடைக்கண் வச்சுப் பாரும்மா'ன்னு கேக்குறதும் அதே அர்த்தத்துலதான். கவனமும் கண்ணும் தனித்தனியாப் போக முடியும்னு நம்மாளுகளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி இதைச் சோதிச்சே பாத்திருக்காரு. இருட்டுல ஒரு பெரிய தாள் நெறைய எழுத்து, நடுவுல ஊசித்துளை வழியா ஒரு பொட்டு வெளிச்சம், கண்ணை அந்தப் பொட்டுலயே நிறுத்திக்கிட்டு, மனசை மட்டும் ஒரு மூலையில வச்சுக்கிட்டாரு. ஒரு மின்பொறி தட்டுனா தாள் மொத்தமும் ஒரு கணம் தெரியும், கண்ணு திரும்ப நேரமே இல்ல. மனசு வச்ச மூலையில இருந்த எழுத்தைப் படிக்க முடிஞ்சுச்சு, மத்த எடத்து எழுத்தெல்லாம் கண்ணுல பட்டும் படிக்க முடியல. நடுவுல பாத்துக்கிட்டு ஓரத்தைப் படிச்சிருக்காரு மனுஷன்.

அதுக்கப்புறம் மைக்கேல் போஸ்னர் 1980ல, எந்தப் பக்கம் வெளிச்சம் வரும்னு முன்னாடியே ஒரு சாடை காட்டிட்டா, கண்ணை அசைக்காமலே அந்தப் பக்கத்து வெளிச்சத்துக்கு ஆளுங்க வேகமாப் பட்டன் அமுக்குறாங்கன்னு காட்டுனாரு. 2004ல மரிசா கராஸ்கோவும் கூட இருந்தவங்களும் பண்ணுனதுதான் என்னைய ரொம்ப யோசிக்க வச்சது, கவனம் வச்ச பக்கத்துல இருக்குற மங்கலான கோடு, உள்ளதை விடக் கொஞ்சம் அழுத்தமாவே தெரியுதாம். அப்ப கவனம் வந்து, கண்ணு எடுத்த படத்துல எது வேணும்னு பொறுக்குறதோட நிக்கல, படத்தையே கொஞ்சம் மாத்துது.

இப்ப என் மஞ்ச போர்டுக்கு வர்றேன். 1999ல டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரீ ரெண்டு பேரும் பண்ணுன கொரில்லா சோதனை நெறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வீடியோவுல வெள்ளைச் சட்டை டீம், கருப்புச் சட்டை டீம், அதுல ஒரு டீம் மட்டும் பந்தை எத்தனை தடவை கை மாத்துறாங்கன்னு எண்ணச் சொல்றாங்க, நடுவுல கொரில்லா வேஷத்துல ஒருத்தர் நடந்து வந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டுப் போறாங்க, பாத்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு கொரில்லாவைக் கவனிக்கவே இல்ல. இது வரைக்கும் எல்லாரும் சொல்றது. சொல்லாம விடுற ஒரு விஷயம் இருக்கு, கருப்புச் சட்டைக்காரங்களை எண்ணுனவங்க கொரில்லாவை அதிகமாப் பாத்துட்டாங்க. ஏன்னா அதுவும் கருப்பு. வெள்ளையைத் தேடுனவங்களுக்குத்தான் அது இல்லாமப் போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு அந்த ரோடு மறுபடி ஓடுச்சு. என்னால அன்னைக்குப் பாத்த மஞ்சளையெல்லாம் இப்பவும் வரிசையாச் சொல்ல முடியும். ரெண்டு ஆட்டோ, மஞ்ச சுடிதார் போட்ட ஒரு பொண்ணு, தள்ளுவண்டியில வாழைப்பழத் தாரு, ஒரு கடை வாசல்ல தொங்குன மஞ்சப்பை. அம்புட்டும் துள்ளித் துள்ளி வந்து கண்ணுல விழுந்துச்சு. வெள்ளை வேட்டியில ஒரு மனுஷன் முழுசா எதுக்க வர்றாரு, அது விழல. 2006ல டேனியல் மெம்மர்ட்னு ஒருத்தர் அந்த கொரில்லா படத்தைப் பாக்குறவங்க கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்திருக்காரு, கொரில்லாவைக் கவனிக்காதவங்களோட கண்ணும் ஒரு செகண்டு கிட்ட அது மேலயே இருந்திருக்கு. 'என்னையப் பாத்துக்கிட்டுத்தான வந்த'ன்னு அவரு கேட்டது அதுதான்.

இயர்போன் விஷயமும் இருக்கு. கையில போன் இல்லையே, கை ஹேண்டில்பார்லதான இருக்குன்னு நானும் பல வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2001ல டேவிட் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் லேப்ல வண்டி ஓட்டுற மாதிரி ஒரு வேலை குடுத்துப் பாத்திருக்காங்க, போன்ல பேசுறப்ப செவப்பு சிக்னலைத் தவற விடுறது ரெண்டு மடங்காச்சு, போனைக் கையில புடிச்சாலும் புடிக்காட்டியும் வித்தியாசமே இல்ல. கை ஃப்ரீயா இருந்து என்ன பண்ண, மனசு தங்கச்சி சொல்ற அடையாளத்தை உள்ளுக்குள்ள வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சே. அன்னையிலேருந்து நான் வண்டியில ஏறுனா இயர்போன் பைக்குள்ளதான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது.

நடுவுல வேலை கனமாக ஆக ஓரம் சுருங்கும்ங்கிறதை 1965லயே மேக்வொர்த்ங்கிற ஆராய்ச்சியாளர் சொல்லிட்டாரு. நடுவுல இருக்குற எழுத்தைச் சுத்திச் சும்மா குப்பை எழுத்து நெறையப் போட்டு வச்சாலே ஓரத்துல இருக்குறது தெரியாமப் போயிருதாம். ஒரே பார்வையில, கண்ணையும் தலையையும் திருப்பாம, நம்மால உண்மையிலேயே பயன்படுத்த முடியுற எடம் எவ்வளவுன்னு கார்லீன் பால், சிந்தியா அவ்ஸ்லி ரெண்டு பேரும் வயசான டிரைவருங்ககிட்ட அளந்து பாத்தாங்க. 1993ல அவங்க எழுதுனது, அந்த எடம் 40 சதவீதத்துக்கு மேல சுருங்கிப் போனவங்க அதுக்கு முந்துன அஞ்சு வருஷத்துல விபத்துல மாட்டியிருக்க வாய்ப்பு மத்தவங்களை விட ஆறு மடங்கு. சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டுற கண்ணுக்கும் இது சுருங்கியிருக்கலாம்.

எங்க வில்லாபுரம் பஸ் ஸ்டாப்புல ஒரு பூக்காரக்கா இருக்காங்க, அவங்களைப் பாத்துத்தான் இது எனக்கு நல்லா வெளங்குச்சு. மடியில மல்லிகை குமிச்சு வச்சிருப்பாங்க, ரெண்டு பூ மேல, ரெண்டு பூ கீழ, வாழைநாரை விரல்ல ஒரு சுத்து சுத்தி இழுத்தா முடிச்சு, அடுத்த ரெண்டு பூ. கண்ணு அந்தப் பக்கமே போகாது. ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு நா நான் முழம் அளக்கச் சொல்லிட்டு நிக்கிறேன், எங்கிட்ட விலை பேசிக்கிட்டே இருந்தவங்க சட்டுன்னு பின்னாடி எடது கையை நீட்டி, ரோட்டுப் பக்கம் எறங்கப் போன ஒரு சின்னப் புள்ளையோட சட்டையைப் புடிச்சு இழுத்துட்டாங்க. புள்ளையோட அம்மாவே கவனிக்கல. எப்படிக்கா பாத்தீங்கன்னு கேட்டேன். "பூவை விரலு பாத்துக்கிருது, கண்ணு சும்மாதான இருக்கு"ன்னாங்க. அவங்க மக இப்பத்தான் பூக்கட்டப் பழகுது, அது தலையைக் குனிஞ்சு நாரையே பாத்துக்கிட்டு இருக்கு, பக்கத்துல யாராச்சும் வந்து நின்னாக்கூடத் தெரியாது. அந்தப் புள்ளைக்குக் கண்ணு அம்மாவை விட நல்ல கண்ணு. நடுவுல இருக்குற வேலை அதோட கவனத்தை முழுசாத் தின்னுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

இதெல்லாம் படிச்சு முடிச்ச நேரத்துல நான் ஒரு பெரிய தப்புப் பண்ணுனேன். அதை எழுதத்தான் இவ்வளவும் ஆரம்பிச்சேன்னு கூடச் சொல்லலாம்.

ஐப்பசியிலேருந்தே அப்பா சின்னச் சின்னதா இடிச்சுக்கிட்டு இருந்தாரு. எடது பக்கம் வச்ச காப்பி டம்ளரைத் தட்டி விடுறது, திண்ணைப் படியில கால் தட்டுறது, கீழ படுத்திருந்த பூனையை மிதிச்சுட்டாரு ஒரு தடவை. "வயசாச்சுல்ல, கவனம் இல்ல"ன்னு அவரும் சொன்னாரு. நானும் அப்பத்தான் கவனம் கவனம்னு படிச்சுக்கிட்டு இருக்கேனா, ஆமாப்பா, மனசு எங்கயோ இருக்கு, டிவியை நிறுத்திட்டுச் சாப்புடுங்கன்னு புத்தி சொன்னேன். மூணு மாசம் இப்படியே போச்சு. 1976ல டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சு உலகமே பாத்துப் படிக்கிற அளவுக்கு வளந்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்குற ஊருல இருந்துக்கிட்டு, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்னு எனக்குத் தோணல. தை மாசம் கண்ணாடி மாத்தலாம்னு போனப்பத்தான் குளுக்கோமா, அதாவது பார்வை நரம்பு கொஞ்சங் கொஞ்சமாக் கெடுற நோய், இருக்கலாம்னு ஃபீல்ட் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க, கண்ணுக்குச் சுத்தி எவ்வளவு தெரியுதுன்னு பாக்குற டெஸ்ட்.

அந்த டெஸ்ட்டைப் பாக்காதவங்களுக்குச் சொல்றேன். பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள மூஞ்சியை வைக்கிற மாதிரி இருக்கும். ஒரு கண்ணை மூடிருவாங்க, தாடையை ஒரு தாங்கியில வைக்கணும், கையில ஒரு பட்டன். நடுவுல ஒரு மஞ்ச லைட், அதையே பாக்கணும். சுத்தி எங்கயாச்சும் ஒரு சின்ன வெள்ளை வெளிச்சம் வந்து போகும், தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். அப்பா வெளிச்சம் வர்ற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிட்டாரு. "ஐயா, கண்ணை அசைக்காதீங்க, நடு லைட்டையே பாருங்க"ன்னு அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லிக்கிட்டே இருக்கு. கண்ணு அசையுதான்னு மெஷினே கண்டுபுடிக்கும், நான் முன்னாடி சொன்ன ஓட்டை இருக்குல்ல, அந்த எடத்துலயும் அப்பப்ப ஒரு வெளிச்சம் போடும், நேரா பாத்துக்கிட்டு இருந்தா அது தெரியவே கூடாது, அமுக்கிட்டாங்கன்னா கண்ணு நகந்துருச்சுன்னு அர்த்தம். அப்பாவுக்கு அது நெறைய வந்துருச்சு. மறுபடி எடுக்கணும்னு சொல்லிட்டாங்க.

வெளிய பெஞ்சுல வந்து உக்காந்தாரு. கண்ணுல வச்ச பஞ்சைக் கையில உருட்டிக்கிட்டே சொன்னாரு, "28 வருஷம் ஓரத்துல ஒண்ணு அசைஞ்சா பாக்கணும்னுதான கண்ணைப் பழக்கி வச்சிருக்கேன், இப்பப் போயி பாக்காதன்னா எப்படிம்மா." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் யோசிச்சு அவருக்குப் புரியுற மாதிரி சொன்னேன், "ப்பா, திருமங்கலம் பைபாஸ்ல கண்ணை ரோட்டுல வச்சுக்கிட்டே எடது கண்ணாடியில பைக்கு வருதான்னு மனசுல பாத்துக்குவேன்னு சொல்வீங்கல்ல, கண்ணாடியைத் திரும்பிப் பாக்காம? அந்த மாதிரி." "அடக் கழுதை, அப்படிச் சொல்ல வேண்டியதுதான"ன்னாரு. ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருட்டு ரூம்ல பண்ணுனதை எங்கப்பா ஒரு பஸ் கண்ணாடியை நெனச்சுக்கிட்டுப் பண்ணி முடிச்சாரு.

ரிசல்ட் ஒரு சாம்பல் கலர் படம் மாதிரி வந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் எடது பக்கம் கீழ கருத்துக் கெடந்துச்சு. டம்ளர், படி, பூனை, எல்லாம் அந்தக் கருப்புக்குள்ளதான். அப்பாவுக்கு அங்க ஒண்ணும் கருப்பாத் தெரியலையான்னு கேட்டேன். "எல்லாந்தான் தெரியுது, என்ன தெரியல?"ன்னு கேக்குறாரு. கட்டைவிரல் மறைஞ்ச எடத்தை மூளை பூசி விட்ட மாதிரிதான் இதையும் பூசிருது, ஓரத்துல கருப்பு வளையம் கட்டிக் காட்டுற படமெல்லாம் நெறையப் பேருக்குப் பொருந்தாது. வலியும் இல்ல. போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டு கண்ணுக்குள்ள இருக்குற அழுத்தத்தைக் குறைச்சு மேற்கொண்டு போகாம பாத்துக்கத்தான் முடியும். வீட்டுல அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல், அதனால நாப்பது தாண்டுனவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை போய்ப் பாத்துருங்க, உங்க பாட்டுக்குக் கண்ணாடிக் கடையில பவர் மட்டும் பாத்துட்டு வராதீங்க. நானும் அக்காவும் பாத்துட்டோம், இப்போதைக்கு இல்ல.

எனக்குக் கண்ணு இருந்துச்சு, கவனம் இல்ல. அப்பாவுக்குக் கவனம் இருந்துச்சு, கண்ணு இல்ல. உள்ளேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கு, ஏதோ கொறையுதுங்கிற நெனப்பே வராது. அந்த மூணு மாசம் ஏன் போச்சுன்னு என்னை நானே கேட்டுக்கிறப்பல்லாம் இதுதான் ஞாபகத்துக்கு வருது.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவுக்கு ஆறுதலாச் சொன்னேன். மூளையில வலது பக்கம் பக்கவாதம் வந்த சில பேருக்குக் கண்ணு நல்லா இருந்தும் எடது பக்கம்னு ஒண்ணு உலகத்துலயே இல்லாமப் போயிரும். தட்டுல வலது பாதிச் சோத்தை மட்டும் சாப்புட்டுட்டு எந்திரிச்சுருவாங்க. 1978ல இத்தாலியில பிஸியாக், லுத்ஸாட்டி ரெண்டு பேரும் அந்த மாதிரி மிலான்காரங்ககிட்ட, அவங்க ஊரு கதீட்ரல் சதுக்கத்துல கோயிலைப் பாத்து நிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு என்னென்ன இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. கண்ணுக்கு அங்க வேலையே இல்ல, மனசுல நெனைக்கிறதுதான். வலது பக்கத்துக் கட்டடத்தை மட்டும் சொன்னாங்க. இப்ப கோயில் வாசல்ல நின்னு எதுத்தாப்புல பாக்குற மாதிரி நெனைங்கன்னாங்க, முன்ன விட்ட கட்டடத்தையெல்லாம் சொல்லிட்டு, முன்ன சொன்னதை விட்டுட்டாங்க. அவங்களுக்குத் திரும்பணும்னே தோணாது. உங்களுக்குத் திரும்பத் தெரியும்ப்பான்னு சொன்னேன்.

அவரு அதைப் புடிச்சுக்கிட்டாரு. இப்ப படி எறங்குறப்ப, சாப்புட உக்காருறப்ப, தெருவுல கால் வைக்கிறப்ப, மொதல்ல எடது, அப்புறம் கீழ, அப்புறம் நேரா, பஸ் எடுக்குறதுக்கு முன்னாடி கண்ணாடி பாக்குற வரிசை மாதிரியே தலையைத் திருப்பிப் பாக்குறாரு. டம்ளர் இப்ப வலது பக்கம் வைக்கிறோம். வண்டி ஓட்டுறதை அவரே விட்டுட்டாரு, சாவியை எடுத்து எங்கிட்ட குடுத்தப்ப ஒண்ணும் பேசல.

போன வாரம் செக்கப்புக்குப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போறேன். கீழவாசல் தாண்டி ஒரு பள்ளம், அதைப் பாத்து ஓட்டுறதுலயே இருந்தேன். தோள்ல ரெண்டு தட்டு. "எடது பக்கம் பால்காரர்." பிரேக்கு புடிச்சேன், கேனு ரெண்டு பக்கமும் தொங்க ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் சந்துலேருந்து வெளிய வந்து எங்க முன்னாடி திரும்புச்சு. அப்பா மறுபடி தலையைத் திருப்பி எடது பக்கம் பாத்துக்கிட்டே, "ம், போ"ன்னாரு. அன்னைக்கு கண் அழுத்தம் 16 இருந்துச்சு. அடுத்த ஃபீல்ட் டெஸ்ட் ஆறு மாசம் கழிச்சு.